சாவியம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

கழுத்துச் சங்கிலியில் கார் சாவியைக் கோத்துப் போட்டுக்கொண்டு திரிகிற பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கூட இஸ்திரி போடுகிறவர்கள் கேலியாக வைத்த பெயர் சாவியம்மா. கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டார்ட் செய்யத் தெரியும், அணைக்கத் தெரியும். அணைப்பதில்தான் வினையே இருந்தது.

சாவி அவள் புருஷனுடையது. லேத்துக்காரர் என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். என் ஒர்க்‌ஷாப்புக்கு வேண்டிய ஷாஃப்ட், புஷ் எல்லாம் அவர்தான் கடைந்து கொடுப்பார். வேலை சுத்தம், வாய் சுத்தமில்லை. ஏன் தாமதம் என்று கேட்டுவிட்டால், "அவசரம்னா நீயே பல்லால கடிச்சு எடுத்துக்கோ" என்பார். அவரோடு சண்டை போடாத மெக்கானிக் இங்கே கிடையாது. அவரை விட்டு வேறு லேத்துக்குப் போனவனும் கிடையாது.

அந்த மனுஷன் உயிரையே வைத்திருந்தது ஒரு காரின் மேல். ஜப்பான்காரன் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டே சீட், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். ஹெட்லைட் இரண்டும் மூடிக்குள் ஒளிந்திருக்கும், ஸ்விட்சைப் போட்டால் எழுந்து முழிக்கும். எங்கோ மோதி நசுங்கிக் கிடந்ததை வாங்கி வந்து, கிடைக்காத பாகங்களை எல்லாம் தானே கடைந்து போட்டு ஓட வைத்தார். அதில் இருந்தது ரோட்டரி என்ஜின். மற்ற கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் முக்கோணமாக ஓர் இரும்பு, கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் முனைகளில் காற்றுக் கசியாமல் அடைக்கும் மெல்லிய சீல்கள். அந்த சீல்கள் போனால் என்ஜின் போச்சு.

ஒருநாள் வெயிலில் நிற்கிறதே என்று நான் பரிதாபப்பட்டு அந்தக் காரை ஸ்டார்ட் செய்து நிழலுக்கு நகர்த்தி அணைத்துவிட்டேன். லேத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். "அறிவிருக்காய்யா உனக்கு? சூடாகாம அணைப்பியா? இது என்ன மாவு மிஷினா?" தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகு ஆத்திரம் தணிந்து விளக்கினார். இந்த என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலைக் கண்டபடி குடிக்கும். ஸ்டார்ட் செய்தால் சூடு காட்டும் முள் பாதிக்கு ஏறுகிறவரை ஓட விட வேண்டும். உடனே அணைத்தால் உள்ளே தேங்கிய பெட்ரோல் சீலின் மேல் இருக்கும் எண்ணெயை எல்லாம் கழுவிவிடும். பிறகு ஈரம் கோத்து, சீல் ஒட்டிக்கொள்ளும். "ஒண்ணு தொடாதே. தொட்டா கடைசி வரைக்கும் ஓட விடு" என்றார். இதை எனக்குச் சொன்னார். தன் பெண்டாட்டிக்குச் சொல்லவில்லை. அவள் அந்தச் சாவியைத் தொடும் ஒரு நாள் வருமென்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை அவளை அதில் ஏற்றிக்கொண்டு போனாராம். இறங்கும்போது அவள் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டாள். அங்கேயே நடுரோட்டில் வைத்துத் திட்டித் தீர்த்துவிட்டார். அதன் பிறகு கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கதவையும், அலமாரிக் கதவைக்கூட, தூங்குகிற குழந்தையின் அறைக்கதவைப் போலத்தான் சாத்துவாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் லேத்துக்காரர் லேத்தின் முன்னால் நின்றபடியே சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. அவ்வளவு வசவு வைத்திருந்த வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சத்தம்: "ஆங்." தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆங், வேண்டாமா என்றாலும் ஆங். தலையை ஆட்டினால் அதுவும் ஆமாவுக்கும் இல்லைக்கும் மாறி மாறி ஆடும். அவர் மனதில் இருப்பது ஒன்று, வெளியே வருவது ஒன்று என்று டாக்டர் சொன்னார். ஆரம்பத்தில் நாங்கள் நாலைந்து பேர் போய்ப் பார்த்தோம். பிறகு போகவில்லை. பார்க்கச் சகிக்காது.

அவர் மனைவியையும் நான் மறந்தே போயிருந்தேன். போன வருஷம் ஒரு மத்தியானம் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றாள். இஸ்திரி ஆவி பட்டுப் பட்டு இரண்டு முன்னங்கையிலும் தோல் தடித்துப்போயிருந்தது.

"அண்ணே, அவரோட காரை ஓட வைக்கணும்."

"எதுக்கும்மா? விக்கப் போறியா?"

"விக்கறதுக்கா இத்தனை நாள் வச்சிருந்தேன்? அவரு கேக்கணும்."

எனக்குப் புரியவில்லை. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் சொன்னாள்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு வீட்டை ஒட்டிய கொட்டகையில் கார் அப்படியே நின்றது. அவர் படுத்திருக்கும் அறையின் ஜன்னல் அந்தக் கொட்டகைப் பக்கம். ஒருநாள் சும்மா நிற்கிறதே, பாட்டரி போய்விடுமே என்று பயந்து சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறாள். என்ஜின் பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், அதுவரை கட்டையாகக் கிடந்த மனுஷன் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. இடது கை எழுந்து ஆடுகிறது.

"தாளம் போட்டாரு அண்ணே. சத்தியமா. கார் சத்தத்துக்குத் தாளம் போட்டாரு."

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் ஸ்டார்ட் செய்தாள். புகை ஜன்னலுக்குள் போகும், அவருக்கு நெஞ்சு ஏற்கெனவே சரியில்லை. அதனால் சத்தம் கேட்டு, அவர் அழுது, கையை ஆட்டியதும் அணைத்துவிடுவாள். இன்னும் வேண்டும் என்று அடம்பிடிப்பாராம், படுக்கையைத் தட்டுவாராம். "போதும், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வருவாளாம். வருஷக்கணக்கில் இப்படி. பிறகு ஒரு ஞாயிறு என்ஜின் பிடிக்கவில்லை. மறு ஞாயிறும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷமாகக் கார் பிணமாக நிற்கிறது.

"நல்லா இருந்தப்போ அவரு என் முகத்தைப் பாத்துப் பேசினதே கம்மி. ஞாயித்துக்கிழமை மட்டும் என்னைப் பாத்து அழுவாரு. அந்த ஒரு நாள்தான் நாங்க புருஷன் பொண்டாட்டியா இருந்தோம்" என்றாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "நெஞ்சுல தண்ணி கோத்துடுச்சு. வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்கன்னு டாக்டர் அனுப்பிட்டாரு. அதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டுட்டா போதும்."

 என்ஜின் ஏன் செத்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதை அவளிடம் சொல்லாமல், காரை எடுத்து வரச் சம்மதித்தேன்.

கடைப் பையன்களோடு காரை எடுக்கப் போனோம். நாலு சக்கரத்திலும் பிரேக் இறுகிப்போய் நகர மாட்டேன் என்றது. ஒவ்வொன்றாகக் கழற்றி விடுவித்து, வண்டியில் ஏற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. டயர்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பெட்ரோல் டாங்கிலிருந்து வந்தது பெட்ரோலே இல்லை, வார்னிஷ் நாற்றமடிக்கும் பழுப்புக் குழம்பு. வேறு பாட்டரி வைத்து ஹெட்லைட் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தோம். ஒன்று எழுந்தது, ஒன்று எழவில்லை. லேத்துக்காரரின் அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அவனை மாதிரியே ஆயிடுச்சு பாரு" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு மனது வேண்டும்.

சாவியம்மா சலவைக்கூடத்துக்குப் போகிற நேரத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறவர் அந்த அக்காதான். நாத்தனாருக்கும் அவளுக்கும் ஆகாது. "கட்டிலோட கிடக்கிறவனுக்கு காரு ஒண்ணுதான் கேடா?" என்று என்னிடமே கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேளுங்க தம்பி. இது ஓடின காலத்துல, ஞாயித்துக்கிழமை அந்தக் கார் சத்தம் நின்னா, அவன் ராத்திரி வரைக்கும் வாயைத் திறக்க மாட்டான். ஊட்டினா துப்புவான். செவுத்தைக் குத்திக் குத்தி முட்டியெல்லாம் ரத்தம். இவ அதைச் சந்தோஷம்ங்கறா. சந்தோஷப்படறவன் செவுத்தைக் குத்துவானா?" என்றார்.

நான் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

என்ஜினைப் பிரித்தபோது நினைத்தது நினைத்தபடியே இருந்தது. சீல்கள் கரியோடு கரியாகத் தங்கள் பள்ளத்துக்குள் ஒட்டிக்கிடந்தன. கூட்டின் உட்சுவரில் ஈரம் தின்ற தழும்பு. ஓடித் தேய்ந்த என்ஜின் அல்ல அது. ஓட விடாமல் கொன்ற என்ஜின். வாரம் தவறாமல், பாசத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக. அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இரண்டு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் அந்த மனுஷனுக்கு? ஊருக்கெல்லாம் வாய் கிழிய வகுப்பெடுத்தவர்.

சாவியம்மா வேலை முடிந்து வந்து, பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தாள். "எதனால அண்ணே இப்படி ஆச்சு?"

"வயசாச்சுல்ல" என்றேன். "இரும்புன்னாலும் வயசாகும்மா."

"நான் ஒழுங்காத்தான் வச்சிருந்தேன். ஒரு வாரம்கூட விட்டதில்ல."

"தெரியும்மா."

இந்த வேலைக்கான காசைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது எனக்கும் லேத்துக்காரருக்கும் உள்ள பழைய கணக்கு. பாகம் தேடுவதுதான் பெரும்பாடு. இதே என்ஜின் போட்ட இன்னொரு கார் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, போய்க் கெஞ்சிக் கூத்தாடி அதன் கூட்டைக் கழற்றி வந்தேன். சீல்களை வெளியூரிலிருந்து வரவழைத்தேன். கார்புரேட்டரை ஊறவைத்துக் கழுவி, டாங்கைச் சுரண்டி, பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டு, எலி கடித்த ஒயரையெல்லாம் மாற்றினேன். சீட்டைத் தைக்கவில்லை, பெயிண்ட் அடிக்கவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை. அங்கே அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நடுவில் ஒருநாள் அவரைப் பார்க்கப் போனேன். சாவியம்மா வேலையில் இருந்தாள். அறை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை; ஊர் விரிப்பையெல்லாம் தேய்க்கிறவள் வீட்டு விரிப்பு அது. அதற்கு நடுவில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் "ஆங்" என்றார். பழைய நாளாக இருந்தால் "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று இருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து என்ஜினைப் பிரித்த கதையைச் சொன்னேன். சீல் ஒட்டியிருந்ததைச் சொன்னேன். குனிந்து, மெதுவாக, "சூடாகாம அணைச்சதுதான், இல்ல?" என்று கேட்டேன்.

இடது கை எழுந்தது. உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து, காற்றை மெல்ல அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மறுபடி. தெருவில் அவசரப்படுகிறவனைப் பார்த்து இரு, இரு என்று கைகாட்டுவோமே, அதேதான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

தாளம் என்று அவள் சொன்னது இதைத்தான்.

எழுந்து வெளியே வந்து தெருவில் நின்றேன். வாரா வாரம் இந்த மனுஷன் தன் கார் சாவதைக் காதால் கேட்டுக்கொண்டு, இரு இரு என்று கெஞ்சிக்கொண்டு கிடந்திருக்கிறார். வாரா வாரம் அவள் அதைப் பார்த்து, தன் புருஷன் தன்னை நினைத்து அழுகிறான் என்று மனம் குளிர்ந்து போயிருக்கிறாள். இரண்டு பேரில் யாருக்காக அழுவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் முடிவு செய்தேன். இது என்னோடு போகட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர அவளுக்கு வேறு சொத்தில்லை.

ஆனால் ஓட விட வேண்டும் என்பதைச் சொல்லாமல் தீராது. சொல்லாவிட்டால் மறுபடியும் அதே கதைதான். கார் தயாரானதும் அவளிடம் சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னேன். "புது சீல் போட்டிருக்கும்மா. அதனால இப்போதைக்கு ஸ்டார்ட் பண்ணா, இந்த முள்ளு பாதிக்கு வர்ற வரைக்கும் அணைக்கக் கூடாது. புதுசு பழகணும்ல, அதுக்காக."

"புகை?"

"வண்டியைத் திருப்பி நிறுத்தறேன். புகை தெருப் பக்கம் போயிடும்."

"இது எனக்குத் தோணவே இல்லையே அண்ணே" என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், என்ஜினைத் தொடாமல் தள்ளிக் கொட்டகையில் நிறுத்தினேன். பெயிண்ட் உரிந்து, சீட் கிழிந்து, ஒரு ஹெட்லைட் மூடியபடி பார்க்க அலங்கோலமாகத்தான் இருந்தது. நாத்தனார் உள்ளே தம்பியின் தலைக்குத் தலையணை வைத்து உயர்த்தினார். ஜன்னலை அகலத் திறந்தார். மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாலும் லேத்துக்காரரின் கண் கொட்டகைப் பக்கமே இருந்தது.

சாவியம்மா தலைக்குக் குளித்து, தேய்த்த புடவை கட்டியிருந்தாள். சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றினாள். சீட்டில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றாள், அது அவர் உட்காருகிற இடமாம். எப்போதும் போல வெளியே நின்று, கதவு ஜன்னல் வழியாகக் கையை நுழைத்துச் சாவியைத் திருகினாள். என்ஜின் இருமியது, திணறியது, சட்டென்று பிடித்துக்கொண்டது. அந்த என்ஜினுக்கே உள்ள சத்தம், தகர டப்பாவுக்குள் உறுமுகிற மாதிரி. சோதித்தபோது கேட்டதுதான், ஆனாலும் அந்தக் கொட்டகையில் கேட்டபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

உள்ளே அவர் தலையைத் தூக்கினார். கண்ணில் தண்ணீர். இடது கை எழுந்தது.

"பாருங்க அண்ணே, பாருங்க! தாளம் போடறாரு!" அவள் முகம் அப்படி மலர்ந்தது. அடுத்த நொடியே, வருஷக்கணக்கான பழக்கம், அவள் கை தானாகச் சாவியைத் திருகி அணைக்கப் போய்விட்டது.

எனக்குப் பதறிவிட்டது. என்ஜின் சத்தத்தில் பேசினால் கேட்காது. நான் யோசிக்கவில்லை. உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து, காற்றை அமுக்கி அமுக்கிக் காட்டினேன். இரும்மா, இரும்மா.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குள் இருந்த கையைப் பார்த்தாள். திரும்ப என் கையைப் பார்த்தாள். நான் கையை இறக்கிக்கொண்டேன். காலம் கடந்துவிட்டது.

சாவியிலிருந்து விரல்களை எடுத்துவிட்டாள்.  முள் அசையாமல் கிடந்தது, பிறகு ஊர்ந்தது. அவள் முள்ளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள். முள் ஏற ஏற ஜன்னலுக்குள் கையின் வேகம் குறைந்தது. பாதியைத் தொட்டபோது என்ஜினின் திணறல் போய்ச் சத்தம் ஒரே சீராக வந்தது. கை விரிப்பின் மேல் இறங்கி அப்படியே படுத்துக்கொண்டது. தட்டவில்லை, குத்தவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் அத்தனை அமைதியை, நல்லா இருந்த காலத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அவள் என்ஜினை அணைத்தாள்.

"புது சீலுக்காகன்னு சொன்னது பொய்தானே அண்ணே?"

நான் காரின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எப்பவுமே அப்படித்தான் ஓட விடணுமா?"

"ஆமாம்மா."

"அப்போ அதைச் சாகடிச்சது நான்தான்." அழவில்லை. தேய்க்கும்போது தீய்ந்துபோன துணியைப் பார்ப்பதுபோல் தன் கையைப் பார்த்தாள். "ஒவ்வொரு வாரமும் இருன்னு கெஞ்சியிருக்காரு. நான் சிரிச்சுக்கிட்டே அணைச்சிருக்கேன்."

உள்ளே போனாள். நானும் வாசற்படி வரை போய் நின்றேன். நாத்தனார் எழுந்து இடம் விட்டார். முதல்முறையாக அவர் வாயில் குத்தலாக ஒரு வார்த்தை வரவில்லை. சாவியம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முட்டியில் இருந்த பழைய தழும்புகளைக் கட்டைவிரலால் தடவினாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என் மேல கோபமா இருந்தீங்களா?" என்று கேட்டாள். "இத்தனை வருஷமும் கோபம்தானா?"

"ஆங்" என்றார்.

அவள் காத்திருந்தாள். பிறகு இன்னும் பக்கத்தில் குனிந்து, "கோபம் இல்லையா?" என்று கேட்டாள்.

"ஆங்."

அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவர் போய்விட்டார். கார் கொட்டகையில்தான் நிற்கிறது. ஞாயிறு காலையில் அந்தத் தெரு வழியாகப் போனால் சத்தம் கேட்கும். முள் பாதிக்கு வருகிறவரை அவள் அணைப்பதில்லை.